பாடை போன வழி

கிணத்தடித் தெருவில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் அணைஞ்சபெருமாள் செத்துக் கிடந்த காலையில், அவர் மகள் சங்கரவடிவு முதலில் பார்த்தது அப்பாவின் முகத்தை அல்ல, அவர் தலைமாட்டில் இருந்த சுவரைத்தான். அடுப்படியின் மேற்குப் பக்கத்து மேலச் சுவரில் புதிதாக ஒட்டி ஈரம்கூடக் காயாத நீலப்பூ டைல்ஸில், சாகிற நேரத்தில் மனுசன் கையைக் காலை உதைத்து ஏதும் விரிசல் விட்டிருக்கிறாரா என்று விரலால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் குனிந்து அவர் மூக்கருகே கையை வைத்தாள். இதைக் கேட்டு அவளைத் திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளலாம். தெருவே திட்டி முடித்துவிட்டது, புதிதாகச் சொல்ல ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

அப்பாவும் மகளும் முகம் பார்த்துப் பேசி இருபது வருசத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதற்காகப் பேசவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அடுப்படி மூலையில் கிடந்த அம்மியிடம் பேசினார்கள். "கொழம்புல உப்பு கூடுதல்னு சொல்லு" என்று அவர் அம்மியைப் பார்த்துச் சொல்வார். "உப்பு கூடுதுன்னா கடையில போய்த் திங்கச் சொல்லு" என்று அவளும் அம்மியைப் பார்த்தே பதில் சொல்வாள். காய்ச்சல், கரண்ட் பில், அண்ணனுக்குப் பிள்ளை பிறந்த சேதி, மழை வருகிறது கொடியில் கிடக்கிற வேட்டியை எடு என்பது வரைக்கும் எல்லாம் அந்தக் கல்லின் வழியாகத்தான் போய்வந்தது. மிக்ஸி வாங்கிய பிறகும் அந்த வீட்டில் அம்மியைத் தூக்கி வெளியே போடாததற்குக் காரணம் அதுதான். அதைப் போட்டிருந்தால் வீடு தீப்பிடித்தால்கூட ஒருவரிடம் ஒருவர் சொல்ல வழி இருந்திருக்காது.

சண்டை ஒரு கதவில் தொடங்கியது. அடுப்படியின் மேலச் சுவரில் முன்பு ஒரு பின்வாசல் இருந்தது, அதைத் தாண்டினால் முருங்கை மரம் நிற்கிற சந்து. சங்கரவடிவுக்கு இருபத்துமூன்று வயசு இருக்கும்போது, பால் சொசைட்டியில் வேலை பார்த்த ஒருத்தன் அந்தச் சந்தில் சைக்கிளை நிறுத்திப் பேசிக்கொண்டிருப்பான். ஒருநாள் காலை டூட்டிக்குக் கிளம்பிய அணைஞ்சபெருமாள், குடையை மறந்துவிட்டுத் திரும்பி வந்தபோது, பின்வாசல் படியில் துணிமணி வைத்துக் கட்டிய பழுப்பு ரெக்ஸின் பை ஒன்று இருந்தது. அவர் மகளை அடிக்கவில்லை, கேள்வி கேட்கவில்லை. அன்றைக்கு லீவு போட்டார், பையை எடுத்துப் பரணில் வீசினார், காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் செங்கல்லை அடுக்கி அந்த வாசலை அன்றைக்கே அடைத்துவிட்டார். ஏறவும் இறங்கவும் ஒரு வாசல் போதும் என்று அம்மியிடம் சொன்னார். அதுதான் அம்மியிடம் அவர் பேசிய முதல் பேச்சு.

சைக்கிள்காரன் சில நாள் சந்தில் மணி அடித்துப் பார்த்தான், அப்புறம் திருப்பூர்ப் பக்கம் போய் யாரையோ கட்டிக்கொண்டான். அடைத்த வாசல் மட்டும் சுவரில் அப்படியே தெரிந்தது. எத்தனை தடவை வெள்ளையடித்தாலும், பூச்சுக்கு மேல் பூச்சுப் பூசினாலும், கதவின் அளவுக்கு ஒரு தழும்பு துலக்கமாகத் தெரிந்தது. அந்தத் தழும்பைப் பார்த்துக்கொண்டே அவள் இருபது வருசம் தோசை சுட்டாள். அம்மா சின்ன வயசிலேயே போய்விட்டாள், அண்ணன் ஆவுடையப்பன் பம்பாயில் குடும்பமாகிவிட்டான், கல்யாணப் பேச்சு வந்த இடமெல்லாம் பால் சொசைட்டிக் கதை முந்திக்கொண்டு போய் உட்கார்ந்திருந்தது. கூட்டுறவு பண்டகசாலையில் பில் போடுகிற வேலை ஒன்றுதான் அவளுக்கென்று இருந்தது. அதில் சேர்த்ததை வைத்துத்தான் இந்த வருசம் வீட்டைக் கொத்திப்போட்டாள். வீட்டுக்குள்ளேயே ஒரு கக்கூஸ், அடுப்படிக்குக் கிரானைட் மேடை, தண்ணீர்த் தொட்டி, மோட்டார். கேட்டவர்களுக்கு வயசான அப்பாவுக்காக என்று சொன்னாள். உண்மையில் எல்லாம் அந்த ஒரு சுவருக்காக. அந்தத் தழும்பு இனிமேல் கண்ணில் படக்கூடாது, அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. நீலப்பூ டைல்ஸைத் திருநெல்வேலிக்குப் போய் அரைநாள் நின்று அவளே பொறுக்கி எடுத்தாள்.

அணைஞ்சபெருமாள் ஒவ்வொன்றுக்கும் குறுக்கே நின்றார். வீட்டுக்குள் கக்கூஸ் வைக்கிறவர்கள் வீட்டில் நாய்கூடச் சாப்பிடாது என்று அம்மியிடம் சொன்னார். கொத்தனார் வேம்பு கலவை போட்டால் மணல் கூடுதல் என்பார், சிமெண்ட் கூடுதல் என்பார். மேலச் சுவருக்கு டைல்ஸ் வரப்போகிறது என்று தெரிந்ததும் தன் கயிற்றுக்கட்டிலை அடுப்படிக்குள் இழுத்துவந்து, அந்தச் சுவரை ஒட்டிப் போட்டுப் படுத்துக்கொண்டார். அவருடைய சின்ன அறை முழுக்க சிமெண்ட் மூட்டை கிடந்ததால் யாரும் குறை சொல்லவும் முடியவில்லை. அவர் முகம் வழிக்கச் சலூனுக்குப் போன ஒரு காலையில் வேம்புவை விரட்டி விரட்டி அந்தச் சுவர் முழுவதையும் அவள் ஒட்ட வைத்துவிட்டாள். திரும்பி வந்து பார்த்தார். அம்மியிடம்கூட ஒன்றும் சொல்லவில்லை. கட்டிலை முன்னைவிட நெருக்கமாகச் சுவரோடு போட்டுப் படுத்தார், எழுந்திருக்கவே இல்லை.

பிரேதத்தை முன்கட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தி, தெரு கூடி, சங்கு ஊதி முடிந்த பிறகுதான் பஞ்சாங்கக்காரர் வந்தார். விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, அவிட்டத்தில் போயிருக்கிறார், ஆறு மாச அடைப்பு என்றார். அந்த ஊரில் இதற்கு விளக்கம் தேவையில்லை. அவிட்டத்தில் செத்தவரை வாசல் வழியாகக் கொண்டுபோகக் கூடாது, உயிர் போன அறையின் சுவரை உடைத்துப் பாடையை அந்த வழியாக எடுத்து, அன்றைக்கே சுவரை அடைத்து, அந்த அறையையும் ஆறு மாசம் பூட்டிப்போட வேண்டும். இல்லையென்றால் போகிற உயிர் வழி தெரியாமல் கண்டவர் வீட்டிலும் நுழையும்.

"உசுரு எந்த அறையில போச்சும்மா?" என்று பஞ்சாங்கக்காரர் கேட்டார்.

அடுப்படி என்று சொன்னால் மேலச் சுவர் போகும், நீலப்பூ போகும், இத்தனை நாள் மூடப் பாடுபட்டது மறுபடி திறந்து சிரிக்கும், அப்புறம் ஆறு மாசம் அடுப்படிக்கே பூட்டு. சங்கரவடிவு கண்ணை இமைக்கவில்லை.

"சின்ன அறையில" என்றாள்.

வேம்பு கொத்தனாருக்கு உண்மை தெரியும், கட்டிலின் ஒரு காலைப் பிடித்துத் தூக்கிவந்தவனே அவன்தான். ஆனால் ஒட்டிய டைல்ஸை உடைத்தால் மறுபடி ஒட்டவேண்டியவனும் அவன்தான் என்பதால் வாயைத் திறக்கவில்லை. சிமெண்ட் மூட்டைகளை ஒதுக்கினார்கள், சின்ன அறையின் சுவரை ஒரு ஆள் உயரத்துக்கு இடித்தார்கள், செவ்வந்தி மாலை செங்கல்லில் உரசிப் பிய்ந்து விழ அணைஞ்சபெருமாள் அந்த வழியாகப் போனார். பொழுது சாய்வதற்குள் வேம்பு சுவரை அடைத்துப் பூசி, அறைக்கும் பூட்டுப் போட்டாயிற்று.

மறுநாள் காலை அந்த ஓட்டை எதிர்வீட்டு நீலாயதாட்சியின் முன்கூடத்தில், தெருவைப் பார்த்த பட்டாசாலைச் சுவரில் இருந்தது.

அது அதே ஓட்டைதான் என்பதில் தெருவில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. அதே உயரம், அதே அகலம், கடப்பாரை கொத்திய அதே பல்லும் பள்ளமுமான விளிம்பு, இடது பக்கச் செங்கல்லில் மாட்டிக் கிடந்த அதே செவ்வந்தி இதழ். ஒரு கைப்பிடி இடிபாடுகூடக் கீழே விழுந்திருக்கவில்லை. நீலாயதாட்சி பல் விளக்காத வாயோடு அந்த ஓட்டை வழியாகவே தெருவில் இறங்கி வந்து, சங்கரவடிவின் வாசலில் நின்றாள்.

"உங்க வீட்டுச் சாமான எங்க வீட்டுல கொண்டுவந்து வச்சிருக்கேளே, இது நல்லாருக்கா?" என்றாள்.

"நானா மதினி கொண்டுவந்து வச்சேன்?"

"யாரு வீட்டு எழவோ அவுகதான் எடுத்துட்டுப் போகணும். ஒன் கொத்தன அனுப்பு."

வேம்பு போய் அடைத்தான். அடுத்த காலை அது நீலாயதாட்சிக்கு அடுத்த வீட்டில் இருந்தது. அங்கே அடைத்தால் அதற்கும் அடுத்த வீடு. அடைக்காமல் விட்டால் இருந்த இடத்தில் இருந்தது, அடைத்தால் நகர்ந்தது. ஏன் நகர்கிறது என்று தெருவில் ஒரு ஆள் கேட்கவில்லை. இன்றைக்கு யார் வீட்டில் என்று கேட்டார்கள், நாளைக்கு யார் வீட்டுக்கு என்று கேட்டார்கள், யார் அடைப்பது என்று கேட்டார்கள். அதற்கு மட்டும் எல்லோரிடமும் ஒரே பதில் இருந்தது.

இப்படியாக, நகராட்சி ஆபீசில் இறப்புச் சான்றிதழுக்கு வரிசையில் நிற்பதும், ரேஷன் அட்டையில் அப்பா பேரை எடுக்க அலைவதும், பதினாறாம் நாள் காரியத்துக்கு ஆள் சொல்வதும், மேடைக்கு வந்த கிரானைட் அளவு தப்பாக இருக்கிறது என்று கடைக்காரனோடு மல்லுக்கு நிற்பதும், தொட்டிக்குக் குழாய் போடுகிறவனை நாலு தடவை கூப்பிட்டு ஐந்தாம் தடவை கெஞ்சுவதும், இத்தனைக்கும் நடுவே தினமும் விடிந்ததும் வேம்புவைக் கிளப்பி எந்த வீட்டில் ஓட்டையோ அந்த வீட்டுக்கு அனுப்புவதும் சங்கரவடிவின் பாடாயிற்று. அவள் வீட்டு வேலைக்கு வாங்கிய மணலும் செங்கல்லும் தெருவெல்லாம் போய் ஒட்டிக்கொண்டன. அவள் அடுப்படியில் மேடை பாதியில் நின்றது, கக்கூஸுக்குக் கதவில்லை, மோட்டார் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தது. அரிசி களைகிற ஈரக்கையோடு ஓடிப்போய் நகராட்சிக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள், பிண்டத்துக்கு எள் வாங்கப் போன இடத்தில் ஆணியும் வாங்கிவந்தாள். அழுவதற்கு நேரமில்லை என்று நினைத்தாள். நேரம் இருந்தாலும் அழுவாளா என்று அவளுக்கே தெரியாது.

தெரு மெல்ல மெல்ல ஓட்டையோடு குடித்தனம் பண்ணப் பழகிக்கொண்டது. முதலில் ஒரு வீட்டில் அதற்குப் புடவையைத் திரை கட்டினார்கள். அடுத்த வீட்டில், வாசல் வழியாக நுழையாமல் வருசக்கணக்காகத் தெருவில் கிடந்த பெரிய பீரோவை அந்த வழியாக உள்ளே ஏற்றிவிட்டு, அதற்கப்புறமே அடைக்கச் சொன்னார்கள். பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி இருவருக்கும் நடுவிலிருந்த பொதுச் சுவரில் ஓட்டை வந்து நின்ற நாளில், இரண்டு மருமகள்களும் ஒருத்தி அடுப்பை ஒருத்தி எட்டிப்பார்த்து, பாகம் பிரித்தபோது காணாமல்போன வெண்கல உருளி எங்கே கொதிக்கிறது என்று கண்டுகொண்டார்கள். அன்றைக்கு அந்தச் சண்டை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டது. வாடகைக்கு இருந்த தையல்காரர் ஒருவர், வீட்டுக்காரர் முன்வாசலில் காத்திருக்க, மிஷினைத் தூக்கிக்கொண்டு ஓட்டை வழியாக ஊரைவிட்டே போனார். நாளைக்கு வரும் என்று முறை வந்த வீட்டார் முந்தின நாளே சுவரோரச் சாமான்களை ஒதுக்கி, சாமி படத்தைக் கழற்றிவைத்துவிட்டுப் படுத்தார்கள்.

இதைவிடப் பெரிய விசேஷம் ஒன்று நடந்தது. பாடை போன வழி இருக்கிற வீடு எழவு வீடுதானே என்று யாரோ சொல்லப்போக, ஓட்டை இருக்கிற வீட்டில் அன்றைக்கு அடுப்பு மூட்டுவதில்லை என்று ஆயிற்று. அக்கம்பக்கத்தில் சோறு பொங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். சோறு கொடுத்தால் துக்கமும் கேட்க வேண்டும் என்பதால் பெண்கள் போய் உட்கார்ந்து அணைஞ்சபெருமாளைப் பற்றிப் பேசினார்கள், சில்லறை இல்லையென்றால் நடுவழியில் இறக்கிவிடுவார் என்றாலும் கர்ப்பிணிக்கு எழுந்து இடம் கொடுக்கச் சொல்லும் மனுசன் என்று சொல்லி மூக்கைச் சிந்தினார்கள். வெளியூரிலிருந்து துக்கம் கேட்க வந்த சொந்தக்காரர்களும் ஓட்டை எந்த வீட்டில் என்று விசாரித்து நேராக அங்கேயே போய்விட்டார்கள். பெற்ற மகள் வீட்டில் ஒரு ஈ காக்கை எட்டிப்பார்க்கவில்லை. தெருவே அவள் அப்பாவுக்கு அழுதுகொண்டிருக்க, அவள் தனியாக உட்கார்ந்து டைல்ஸ் இடுக்கில் வெள்ளைச் சிமெண்ட் தேய்த்துக்கொண்டிருந்தாள். அது அவளுக்கு வலித்தது. வலிக்கிறது என்று யாரிடம் சொல்வது என்று தெரியாமல் அம்மியைப் பார்த்தாள், அப்புறம் அதுவும் இனிமேல் யாரிடம் போய்ச் சொல்லும் என்று தோன்ற முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எடுப்புக்கு வந்துசேர முடியாமல் பதினாறாம் நாள் காரியத்துக்கு மட்டும் பம்பாயிலிருந்து வந்த ஆவுடையப்பன் தலைக்கு டை அடித்துக்கொண்டு, வந்த காலோடு திரும்பிப் போகிற ரயில் எப்போது என்று கேட்டுக்கொண்டிருந்தான். ஓட்டை அதற்குள் தெருவின் கடைசி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அது அரிசி மில் குத்தாலிங்கத்தின் வீடு. அதற்கப்பால் வாய்க்கால்தான், வீடு கிடையாது. பஸ் கடைசி ஸ்டாப்பில் நிற்பதுபோல் ஓட்டை அங்கே நின்றுவிட்டது. வேம்பு காலையில் அடைத்தால் மாலையில் சாந்து பொலபொலவென்று உதிர்ந்தது, மாலையில் அடைத்தால் காலையில் உதிர்ந்தது. குத்தாலிங்கத்துக்கு ஒரே மகள், வருகிற முகூர்த்தத்தில் கல்யாணம். பந்தல்கால் நட வேண்டிய வீட்டில், மணமேடைக்கு நேர் எதிரே, பாடை போன வழி பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது.

காரியம் முடிந்து பந்தியில் இலை எடுத்த கையோடு குத்தாலிங்கம் தெருவைக் கூட்டிக்கொண்டு சங்கரவடிவின் வாசலுக்கு வந்தார். பஞ்சாங்கக்காரரும் வந்தார். நீலாயதாட்சி முன்வரிசையில் நின்றாள்.

"செத்த இடத்த மாத்திச் சொன்னா, போறவரு வழி தேடி அலையத்தான் செய்வாரு" என்றார் பஞ்சாங்கக்காரர். "மறுபடி கேக்கேன். உசுரு எங்க போச்சு?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். வேம்பு மட்டும் தன் கால் விரலைப் பார்த்தான்.

"சின்ன அறையிலதான்" என்றாள். குரல் முன்னைவிடக் கனமாக இருந்தது.

"அப்ப ஒண்ணு பண்ணுவோம்" என்றார் குத்தாலிங்கம். "அறையப் பூட்டுனது பத்தல. வீட்டையே ஆறு மாசம் பூட்டிருவோம். நீ ஒங்க அண்ணங்கூடப் பம்பாய்க்குப் போயிரு. ஒங்கப்பா ஒன் பின்னால வருவாரு, அவரு பின்னாலயே அந்த ஓட்டையும் போயிரும்."

"ஆறு மாசம் கழிச்சு?"

"அத அப்பப் பாத்துக்கிடுவோம்."

அப்பப் பார்த்துக்கொள்வது என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். ஆவுடையப்பன் அதற்கு முந்தின நாளே, பூட்டிக் கிடக்கிற வீட்டைக் கொடுத்துவிடலாம், உனக்கும் ஒண்டிக்கட்டைக்கு எதற்கு இவ்வளவு இடம் என்று ஜாடையாகச் சொல்லியிருந்தான். பம்பாயில் அவன் மனைவிக்குச் சமைக்க ஆள் வேண்டும் என்பதையும் மறைக்கவில்லை.  இந்த வயசில் இந்த வீட்டை விட்டால் சங்கரவடிவுக்கென்று தரையில் காலூன்ற ஒரு இடமில்லை. உண்மையைச் சொன்னால் சுவர் போகும், சொல்லாவிட்டால் வீடு போகும்.

"நல்ல யோசனைதான் அண்ணாச்சி" என்றான் ஆவுடையப்பன். "ஏட்டி வடிவு, நாலு சேலைய எடுத்துக்கிட்டுக் கெளம்பு. ராத்திரி ரயிலுக்கே போயிருவோம்." சொல்லிவிட்டு, அவள் பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய், ஸ்டூலில் ஏறிப் பரணைத் துழாவி, தூசியும் பல்லி முட்டையுமாக ஒரு பையை இழுத்துக் கீழே போட்டான். பழுப்பு ரெக்ஸின் பை. உள்ளே இன்னும் துணி இருந்தது. "இதுலயே வச்சுக்கோ" என்றான். அவனுக்கு அந்தப் பை என்ன என்று தெரியாது.

சங்கரவடிவு பையைப் பார்த்தாள். அதுவரைக்கும் அவளுக்கு இருந்தது பயம். பையைப் பார்த்ததும் பயம் போய்விட்டது. கோபம் கிளம்பி வந்தது, தெருவின் மேல் அல்ல, அண்ணன் மேலும் அல்ல. வாழ வேண்டிய வயசில் இந்தப் பையை எடுத்துக்கொண்டு போகிறேன் என்றவளைப் போகவிடாமல் அடைத்த மனுசன், இருக்கிறேன் என்று இருந்துவிட்ட பிறகு, செத்தும் சும்மா இல்லாமல் வீடு வீடாகப் போய் ஆள் கூட்டிவந்து, அதே பையைக் கையில் கொடுத்துப் போ என்கிறார். போகணும்னப்போ விடல, இருக்கணும்னா இருக்கவும் விடமாட்டீரு, அப்படித்தானே என்று நினைத்தாள். உள்ளே போனாள். சின்ன அறையை உடைத்த கடப்பாரை கூடத்து மூலையில் சாய்ந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்க் கதவைத் தாழிட்டாள்.

அவள் எடுத்தது அப்பாவை வழியனுப்ப அல்ல. அவரை அடிக்கத்தான். பஞ்சாங்கத்தையோ அவிட்டத்தையோ அவள் அப்போது நினைக்கவில்லை. அவர் தலை இருந்த இடம், அவர் முதுகு இருந்த இடம், அவர் காக்கிச் சட்டையோடு நின்று செங்கல் அடுக்கிய இடம் என்று பார்த்துப் பார்த்து ஓங்கினாள். முதல் அடியில் ஒரு நீலப்பூ சிதறியது. அவளுக்கு ஐயோ என்று இருந்தது, இருந்தாலும் இரண்டாவது அடியை நிறுத்தவில்லை. திருநெல்வேலியில் அரைநாள் நின்று பொறுக்கியதெல்லாம் காலடியில் விழுந்தது, வேம்புவின் சிமெண்ட் விழுந்தது, அதற்கும் கீழே வருசா வருசம் பூசிய பூச்செல்லாம் அடுக்கடுக்காக விழுந்தது. தழும்பு தெரிந்தது. தழும்பில் கடப்பாரையை வைத்து ஒரே ஒரு நெம்பு நெம்பினாள்.

அடைத்திருந்த சுவர் மொத்தமும் போய்விட்டது. ஒரு செங்கல்கூட எதிர்த்து நிற்கவில்லை. கதவு அளவுக்கு இருந்த அத்தனை செங்கல்லும் அலுத்துப்போனதுபோல் அந்தப் பக்கம் சாய்ந்து விழ, முருங்கை மரமும் சந்தும் மத்தியான வெயிலும் அடுப்படிக்குள் வந்தன. சங்கரவடிவு திகைத்துப்போய்க் குனிந்து ஒரு செங்கல்லை எடுத்தாள். அதில் ஒட்டியிருந்தது மண். விரலால் தேய்த்துப் பார்த்தாள். சிமெண்ட் இல்லை, சுண்ணாம்பு இல்லை, தோட்டத்து மண்ணைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து அப்பியிருந்தது. மேலே மட்டும் ஒப்புக்கு ஒரு பூச்சு. இருபது வருசத்துக்கு மேல் அவள் அந்தச் சுவருக்கு முன்னால் நின்று தோசை சுட்டிருக்கிறாள். எந்த நாளிலும், எந்தக் காலையிலும், ஒரு தடவை தோளைக் கொடுத்துத் தள்ளியிருந்தால் போதும், சைக்கிள் மணி கேட்ட நாளில் தள்ளியிருந்தாலும் போதும்.

கொத்து வேலை தெரியாத மனுசன், தெரியாமல் செய்திருக்கலாம். சிமெண்டுக்கு மணல் கூடுதல், குறைவு என்று வேம்புவைப் படுத்தியவருக்கு அது தெரியாமல் இருந்திருக்குமா என்றும் கேட்கலாம். அன்றைக்கு அவசரத்தில் மண்ணை அப்பிவிட்டு, தள்ளட்டும் பார்ப்போம் என்று ஒவ்வொரு நாளும் காத்திருந்திருக்கலாம். அவள் தள்ளவில்லை என்பதே அவருக்குக் கோபமாக இருந்திருக்கலாம். எது என்று இனி யாரும் சொல்ல முடியாது, அப்படிச் சொல்ல முடியாமல் ஆக்கும் வேலையை மட்டும் அவர் ஒழுங்காகச் செய்துவிட்டுப் போயிருந்தார்.

அவள் வழக்கம்போல அம்மியின் பக்கம் திரும்பினாள். அப்புறம் திரும்பி, கட்டில் கிடந்த வெற்று இடத்தைப் பார்த்தாள்.

"எப்பா" என்றாள். "இத ஒரு வார்த்த அந்த அம்மிக்கிட்டயாவது சொல்லித் தொலச்சிருக்கலாம்லா."

அப்போதுதான் அழுதாள். அப்பாவை மன்னித்துவிட்டாள், அதனால்தான் அழுதாள் என்று தெரு பின்னால் பேசிக்கொண்டது பொய். அவ்வளவு கோபத்தில் அவள் வாழ்நாளில் அழுததில்லை. செங்கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, மண்ணெல்லாம் சேலையில் உதிர, வாய்விட்டு அவரைத் திட்டித் திட்டி அழுதாள்.

கடைசி வீட்டுச் சுவர் அதே நேரத்தில் மூடிக்கொண்டது. கல்யாண வீட்டிலிருந்து ஒருத்தி ஓடிவந்து, சுவர் வெள்ளையடித்ததுபோல் இருக்கிறது, தட்டினால் கல் மாதிரி கேட்கிறது என்று சொன்னாள். கூட்டம் அதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை, அடுப்படிக் கதவைத் தட்டியது. சங்கரவடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டு தாழைத் திறந்தாள். எல்லோரும் உள்ளே வந்து, இடிந்த சுவரையும் உடைந்த நீலப்பூக்களையும் பார்த்தார்கள். யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அப்ப இங்கதான் போயிருக்கு" என்றாள் நீலாயதாட்சி. "பச்சப் பொய் சொல்லி எங்களையெல்லாம் சுவரில்லாமக் கெடக்க வச்சிருக்க. நீ நல்லாருப்பியா?"

"இருப்பேன் மதினி" என்றாள் சங்கரவடிவு.

வேம்பு முன்னால் வந்தான். "எக்கா, சாந்து கலக்கட்டா? பொழுதோட அடச்சிரலாம்."

"வேண்டாம். நெலைக்கு அளவு எடு. இங்க கதவு வரணும்."

குத்தாலிங்கம் தொண்டையைச் செருமினார். "அது முறையில்ல வடிவு. பாடை போன வழிய அடைக்காம வைக்கக் கூடாது."

"இது வழியாப் பாடை போகலியே அண்ணாச்சி" என்றாள். "அது சின்ன அறை வழியால்லா போச்சு. நீங்கதான தோள் குடுத்தீங்க."

பஞ்சாங்கக்காரர் விரலை மடக்கி மடக்கிப் பார்த்தார். அவர் படித்ததில் இதற்கு வழி சொல்லியிருக்கவில்லை.

ஆவுடையப்பன் கையில் அந்தப் பையோடு நின்றிருந்தான். சங்கரவடிவு அதை அவன் கையிலிருந்து வாங்கினாள். செருப்பைப் போட்டுக்கொண்டாள். உடைந்த டைல்ஸின் மேல் நடந்து, செங்கல் குவியலைத் தாண்டி, பின்வாசல் வழியாகச் சந்தில் இறங்கினாள். முருங்கை மரத்தைத் தாண்டிப் போகிறவளைப் பார்த்து, தொலைந்தாள் என்று நீலாயதாட்சி மூச்சு விட்டாள். சந்து முடிகிற இடத்தில் அவள் திரும்பினாள், கிணத்தடியைச் சுற்றினாள், பெரிய தெருவில் நாலு பேர் பார்க்க நடந்தாள், பால் சொசைட்டி இருந்த கட்டடத்தின் முன்னால் கொஞ்சம் நின்றாள். அது இப்போது செல்போன் கடையாக இருந்தது. நின்றது போதும் என்று தோன்றியதும் நடந்து, தெருவுக்குள் வந்து, முன்வாசல் வழியாக வீட்டுக்குள் ஏறினாள்.

கூட்டம் அடுப்படியிலேயே நின்றுகொண்டிருந்தது. அவளைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டது. அவள் பையை மேடை மேல் வைத்தாள், கையைக் கழுவினாள், அரிசியை எடுத்துக் களைந்து உலையில் போட்டாள். அண்ணனுடைய முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை. மூலையில் கிடந்த அம்மியின் பக்கம் திரும்பினாள்.

"அண்ணனுக்கு ரயிலுக்கு நேரமாகுதுன்னு சொல்லு" என்றாள்.